அணை போடும் முன்பே கேட்போம்

கொள்ளிடத்தில் ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் போகிறது என்று அறிவிப்பு வந்துவிட்டால், கரையோர ஊர்களில் அன்றிரவு யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை. மணல் மூட்டைகளும் சவுக்குக் கட்டைகளும் தயாராக இருக்கும். டார்ச் லைட்டோடு கரையில் நடப்பார்கள். வயல் பக்கத்துக் கரையடியில் ஈரம் தெரிகிறதா, ஊற்று கிளம்புகிறதா, கிளம்பினால் வருகிற தண்ணீர் தெளிவாக இருக்கிறதா, கலங்கலாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தெளிந்த நீர் என்றால் காவலுக்கு ஓர் ஆளை நிறுத்தினால் போதும். கலங்கல் என்றால் கரையின் உள்ளே இருந்து மண் வெளியேறுகிறது என்று அர்த்தம். உடனே ஊரைக் கூப்பிட வேண்டும். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் இதைத் தெரியாத உழவர் குறைவு.

இத்தனை தெரிந்த நாம், ஒரு புதிய நீர்த்தேக்கமோ தடுப்பணையோ கரையோ அறிவிக்கப்படும்போது என்ன கேட்கிறோம்? எத்தனை டி.எம்.சி. தேங்கும், எத்தனை ஏக்கர் பாசனம் பெறும், எப்போது முடியும் என்று கேட்கிறோம். குறைதீர் கூட்டங்களில் எழுப்பப்படும் கேள்விகளும் இவைதான். வரைபடத்தில் இருக்கும் அந்தக் கரை நிற்குமா என்று கேட்பதில்லை. அது பொறியாளர்களின் வேலை என்று விட்டுவிடுகிறோம்.

அப்படி விட்டுவிடக் கூடாத கட்டம் ஒன்று உண்டு. அதுதான் பூர்வாங்க வடிவமைப்பு. அணை எந்த இடத்தில் அமையும், எவ்வளவு உயரம், அடி அகலம் எவ்வளவு, இரு பக்கச் சரிவும் எப்படி இருக்கும், மண் எங்கிருந்து வரும், உபரிநீர் வெளியேறும் வழி எவ்வளவு பெரியது என்ற முடிவுகளெல்லாம் பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே எடுக்கப்பட்டுவிடுகின்றன. பிறகு வரும் விரிவான வடிவமைப்பு அவற்றைச் செதுக்குமே தவிர, பெரும்பாலும் மாற்றுவதில்லை. மதிப்பீடு, நிதி ஒதுக்கீடு, நிலம் எடுப்பு ஆகிய எல்லாம் அந்த முதல் வரைபடத்தின்மீதுதான் கட்டப்படுகின்றன.

ஒரு சின்னக் கணக்கைப் பார்ப்போம். 10 மீட்டர் உயரக் கரையின் ஒரு பக்கச் சரிவை, ஒரு மீட்டர் உயரத்துக்கு 2 மீட்டர் என்பதிலிருந்து 2.5 மீட்டர் என்று மாற்றினால், ஒரு மீட்டர் நீளத்துக்கு 25 கன மீட்டர் மண் கூடுதலாக வேண்டும். ஒரு கிலோ மீட்டருக்கு 25 ஆயிரம் கன மீட்டர். காகிதத்தில் இருக்கும்போது இது ஒரு கோட்டை மாற்றுகிற வேலை. கட்டி முடித்த பிறகு என்றால், புதிதாக நிலம் எடுக்க வேண்டும், பழைய சரிவைச் செதுக்கிப் படிப்படியாக வெட்டிப் புது மண்ணைப் பிணைக்க வேண்டும். உடைந்த பிறகு என்றால் அதற்குக் கணக்கே கிடையாது.

குடகனாறு தந்த பாடம்

1977 என்றதும் டெல்டாவில் பெரியவர்களுக்கு நாகப்பட்டினம் அருகே கரை கடந்த அந்த நவம்பர் புயல்தான் நினைவுக்கு வரும். அதே ஆண்டில் நம் காவிரிப் படுகையிலேயே ஒரு மண் அணை உடைந்தது. அமராவதியின் துணையாறான குடகனாற்றின் குறுக்கே, வேடசந்தூர் அருகே அழகாபுரியில் கட்டப்பட்டது அந்த அணை. ஆற்றுப் படுகையிலிருந்து சுமார் 11.5 மீட்டர் உயரம். கொள்ளளவு 1.23 கோடி கன மீட்டர், அதாவது சுமார் 434 மில்லியன் கன அடி. நொடிக்கு 1,275 கன மீட்டர், ஏறத்தாழ 45 ஆயிரம் கன அடி வெள்ளத்தைக் கணக்கில் கொண்டு வடிவமைத்திருந்தார்கள். மிக உயர்ந்த நீர்மட்டத்துக்கும் கரை உச்சிக்கும் நடுவே 2.5 மீட்டர் இடைவெளியும் விட்டிருந்தார்கள். காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாத ஏற்பாடு.

வெள்ளம் வந்தபோது மின்சாரம் போனது. ஷட்டர்களை ஓரளவுதான் தூக்க முடிந்தது. ஜெனரேட்டரை இயக்கியும் உதவவில்லை. பணியாளர்கள் கையாலேயே ஷட்டர்களைத் தூக்கப் போராடினார்கள். அதற்குள் தண்ணீர் கரை மீது ஏறி மறுபக்கச் சரிவில் அருவி போல இறங்கியது. 20 மீட்டர் முதல் 200 மீட்டர் வரை அகலமான உடைப்புகள் பல இடங்களில் விழுந்தன. அணை பின்னர் மீண்டும் கட்டப்பட்டது.

கல், கான்கிரீட் அணையின் மேல் சிறிது நேரம் தண்ணீர் வழிந்தாலும் அது தாங்கக்கூடும். மண் அணை தாங்காது. வழிய ஆரம்பித்த சில மணி நேரத்தில் அது கரைந்துபோகும். குஜராத்தில் மோர்பி நகருக்கு மேலே இருந்த மச்சு-2 அணைக்கு 1979 ஆகஸ்ட் 11-ல் நேர்ந்ததும் இதுவே. உபரிநீர் வழி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கன அடிக்கு அமைக்கப்பட்டிருந்தது. வந்த வெள்ளமோ அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். நடுவில் இருந்த கற்கட்டு நின்றது. இரு பக்கமும் இருந்த மண் கரைகள் போய்விட்டன. இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

இந்த இரண்டு அணைகளிலும் தவறு கட்டுமானத்தில் தொடங்கவில்லை. எவ்வளவு வெள்ளம் வரும், வரும்போது கதவுகள் திறக்குமா என்ற முதல் கணக்கிலேயே தொடங்கிவிட்டது. ஆகவே, பூர்வாங்க வடிவமைப்பைப் பார்த்து நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி வெள்ளத்தைப் பற்றியது.

எந்த வெள்ளத்துக்கு?

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் வழிகாட்டுதல், அணையின் அளவைப் பொறுத்து எந்த வெள்ளத்துக்கு வடிவமைக்க வேண்டும் என்று வகுத்திருக்கிறது. சிறிய அணைக்கு 100 ஆண்டுகளில் ஒருமுறை வரக்கூடிய வெள்ளம். நடுத்தர அணைக்கு அந்தப் படுகையில் பெய்யக்கூடிய கடுமையான மழையைக் கொண்டு கணக்கிடும் வெள்ளம். பெரிய அணைக்கு, வர வாய்ப்புள்ள உச்சபட்ச வெள்ளம். அணைக்குக் கீழே ஊர்கள் நெருக்கமாக இருந்தால், சிறிய அணைக்கும் பெரிய வெள்ளத்தை எடுத்துக்கொள்ளலாம்; எடுத்துக்கொள்ளவும் வேண்டும்.

"நூறாண்டு வெள்ளம்" என்ற சொல் பலரை ஏமாற்றிவிடுகிறது. நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும், நம் காலத்தில் வராது என்று பொருள் கொள்கிறோம். ஒவ்வோர் ஆண்டும் அது வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது என்பதே உண்மையான பொருள். 50 ஆண்டுகள் நிற்கப்போகும் ஓர் அணைக்கு, அந்தக் காலத்துக்குள் அப்படி ஒரு வெள்ளம் ஒருமுறையாவது வர ஐந்தில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு. நகைக் கடனும் பயிர்க் கடனும் வாங்கிச் சம்பா வைக்கிற குடும்பத்துக்கு இது சின்ன வாய்ப்பு அல்ல.

வெள்ளக் கணக்கோடு சேர்ந்தது கதவுக் கணக்கு. எல்லா ஷட்டரும் முழுதாகத் திறக்கும் என்று வைத்துக் கணக்குப் போடுவது போதாது. பத்தில் ஒரு பங்கு ஷட்டர்கள், குறைந்தது ஒரு ஷட்டராவது, திறக்காது என்று வைத்தும் கணக்குப் பார்ப்பது வழக்கம். அந்த நிலையிலும் தண்ணீர் கரைக்கு மேல் ஏறாது என்று வடிவமைப்பு காட்ட வேண்டும். அதோடு, புதிதாகப் போட்ட மண் கரை கொஞ்சம் தாழும். உயரத்தில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கு தாழ்வதற்கு இடம் விடுவார்கள். 10 மீட்டர் கரைக்கு அது 10 முதல் 20 சென்டி மீட்டர். காற்றடிக்கும் நாளில் அலை ஏறும் உயரத்தையும் சேர்க்க வேண்டும். இவற்றையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுகிற இடைவெளி எவ்வளவு என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

அடியில் என்ன இருக்கிறது?

இரண்டாவது கேள்வி, அணை உட்காரப்போகும் தரையைப் பற்றியது. டெல்டாவில் இதைவிட முக்கியமான கேள்வி வேறில்லை. நம் ஆறுகளின் படுகையில் பாறையைத் தேடினால் கிடைக்காது. கீழே கீழே மணல்தான். அந்த மணலின் மேலேயே கல்லணை நிற்கிறது. ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையைக் கல்லணையைக் கட்டியவர்களிடமிருந்து கற்றுக்கொண்டதாக ஆர்தர் காட்டன் பதிவு செய்திருக்கிறார். மேலணையும் கீழணையும் 1836-ல் எழுந்தது அந்தப் பாடத்தின் பலத்தில்தான்.

மணலின் ஆபத்து, தண்ணீர் அதன் வழியே ஊடுருவும் என்பது மட்டுமல்ல. ஊடுருவும் நீரின் வேகம் கூடினால் மணலையே தூக்கிக்கொண்டு வெளியேறும். கரைக்கு அப்பால் வயலில் மணல் கொப்பளிக்கும் ஊற்றாக அது முதலில் தெரியும். அதைத் தடுக்க ஒரு முக்கிய வழி, தண்ணீர் அடியில் நடக்க வேண்டிய பாதையை நீளமாக்குவது. மணலில் கட்டும் தடுப்பணைகளுக்குப் பிளை என்ற பொறியாளர் நூறாண்டுக்கு முன் ஓர் எளிய விகிதம் சொன்னார். இரு பக்க நீர்மட்ட வித்தியாசத்தைப் போல, பருமணலில் 12 மடங்கும் நுண்மணலில் 15 மடங்கும் பாதை நீளமாக இருக்க வேண்டும் என்பது அது. 10 அடித் தண்ணீரைத் தேக்கினால், நுண்மணலில் 150 அடிப் பாதை. இன்று இதைவிட நுட்பமான முறைகள் வந்துவிட்டன. ஆனாலும், ஒரு பூர்வாங்க வரைபடத்தை முதலில் சலித்துப் பார்க்க இந்தச் சல்லடை இன்னும் போதும். மண் அணை என்றால், அடியில் களிமண் நிரப்பிய வெட்டுப் பள்ளமோ, மேல்பக்கம் நீண்டு விரிந்த களிமண் படுகையோ, கீழ்ப்பக்கம் மணலைத் தடுத்து நீரை மட்டும் விடும் வடிகட்டி அடுக்கோ வரைபடத்தில் இருந்தாக வேண்டும்.

இங்கேதான் உழவருக்கு ஒரு தனி இடம் இருக்கிறது. நிலத்தின் அடியை அறியத் துளையிட்டுப் பார்க்கிறார்கள். ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் நடுவே நூறு மீட்டரோ அதற்கு மேலோ இருக்கலாம். அந்த இடைவெளியில் என்ன இருக்கிறது என்பதைப் பொறியாளர் ஊகிக்கிறார். அங்கே ஐம்பது ஆண்டு உழுதவருக்குத் தெரியும். ஆறு ஒரு காலத்தில் எந்த வழியாகப் போனது, எந்த வயலில் ஏர் நுனியில் மணல் வரும், தூர்த்துப்போன கிணறு எங்கே, மூடிய குட்டை எங்கே, எந்தக் கொல்லையில் தண்ணீர் நிற்கவே நிற்காது என்பதெல்லாம் ஊரின் நினைவில் இருக்கிறது. பழைய ஆற்றுத் தடத்தின் மேல் தெரியாமல் போட்ட கரை, பிற்பாடு அந்தத் தடத்தின் வழியாகத்தான் கசியும். ஆகவே, ஊர்க்காரர்களோடு நடந்து பார்க்காமல் அணையின் கோட்டைக் குறிப்பது பொறியியலில் ஏற்படும் குறைபாடு.

எந்த மண்?

மூன்றாவது கேள்வி, கரைக்கு வரும் மண். கரையின் நடுவே தண்ணீரைத் தடுக்கும் களிமண் சுவர், இரு பக்கமும் பாரம் தாங்கும் மண், கீழ்ப்பக்கம் கசிவு நீரை வாங்கி வெளியேற்றும் மணல், ஜல்லி அடுக்கு என்பது பொதுவான அமைப்பு. எல்லாக் களிமண்ணும் இதற்கு ஆகாது.

களர் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். சோடியம் மிகுந்த களர் மண் தண்ணீர் பட்டதும் துகள் துகளாகப் பிரிந்து கலங்கும். அதற்குத்தான் ஜிப்சம் போடுகிறோம். அந்த மண்ணை அணைக்குள் வைத்தால், மயிரிழை வெடிப்பில் நுழையும் தண்ணீர்கூட அதைக் கரைத்துக் குழாய் போலத் துளை போட்டுவிடும். ஒரு மண் கட்டியைத் தெளிந்த நீர் உள்ள கண்ணாடி டம்ளரில் போட்டு அசைக்காமல் வைத்துப் பாருங்கள். கட்டி உதிர்ந்தாலும் தண்ணீர் தெளிவாக இருந்தால் கவலை குறைவு. சுற்றிலும் பால் போலக் கலங்கினால் அந்த மண்ணை ஆய்வகம் பார்க்காமல் தொடக் கூடாது. பொறியாளர்களும் முதல் சோதனையாகச் செய்வது இதைத்தான்.

1976 ஜூன் 5 அன்று அமெரிக்காவின் ஐடஹோ மாகாணத்தில் டீட்டன் என்ற 93 மீட்டர் உயர மண் அணை, முதல் முறையாக நிரம்பிக்கொண்டிருந்தபோதே உடைந்தது. நடுச்சுவருக்குப் பயன்படுத்தியது எளிதில் அரிக்கும் வண்டல் மண். அடியில் வெடிப்புகள் நிறைந்த பாறை. இரண்டும் தொடும் இடத்தில் மண் வெளியேறாமல் தடுக்கும் வடிகட்டி இல்லை. காலையில் கலங்கலாகக் கசிந்த தண்ணீர், நண்பகலுக்குள் அணையைக் கொண்டுபோய்விட்டது. 11 பேர் இறந்தனர். கட்டியது அனுபவம் மிகுந்த அரசு நிறுவனம். அனுபவம் இருக்கிறது என்பதற்காக வடிவமைப்பை வேறொருவர் பார்க்க வேண்டாம் என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

மண்ணோடு சேர்த்து மதகையும் பார்க்க வேண்டும். வாய்க்கால் கரை எங்கே உடைகிறது என்று யாரைக் கேட்டாலும், மதகை ஒட்டி, குழாயை ஒட்டி, நண்டு வளையும் எலி வளையும் உள்ள இடத்தில் என்பார்கள். பெரிய அணைக்கும் விதி அதேதான். புனே அருகே பான்ஷெட் மண் அணை 1961 ஜூலை 12-ல் உடைந்தது. வேலை முழுதாக முடியும் முன்பே மழைநீர் தேங்கிவிட்டது. அடியில் சென்ற நீர்ப்போக்குப் பாதைக்கு மேலிருந்த கரை தாழ்ந்து, அந்தத் தாழ்வின் வழியே தண்ணீர் ஏறியது. கீழே இருந்த கடக்வாஸ்லா அணையும் உடைந்து புனே நகரம் மூழ்கியது. மண்ணும் கட்டுமானமும் சேரும் இடத்தை எப்படி அடைத்திருக்கிறார்கள், பாதி வேலையில் பருவமழை வந்தால் என்ன ஏற்பாடு என்று பூர்வாங்க அறிக்கையிலேயே கேட்க வேண்டும்.

தண்ணீர் வடியும்போது

நான்காவது கேள்வி சரிவைப் பற்றியது. கரை சரியாமல் பிடித்துவைக்கும் பலத்தையும், சரிக்கப் பார்க்கும் பாரத்தையும் ஒப்பிட்டு ஒரு பாதுகாப்பு எண்ணைக் கணக்கிடுவார்கள். இரண்டும் சமம் என்றால் எண் 1. அதாவது விழும் விளிம்பு. அணை நிரம்பி, கசிவு நிலைபெற்ற நிலையில் கீழ்ப்பக்கச் சரிவுக்கு 1.5 இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. நீர்மட்டம் திடீரென்று இறங்கும் நிலையில் மேல்பக்கச் சரிவுக்கு 1.3.

இந்த இரண்டாவது நிலையை நாம் கண்ணாலேயே பார்த்திருக்கிறோம். மேட்டூரில் திறப்பு குறைந்து கொள்ளிடத்தில் தண்ணீர் மளமளவென்று வடியும். "ஆபத்து போய்விட்டது" என்று மூச்சு விடும் நேரத்தில் கரை ஆற்றுக்குள் உள்வாங்கும். கரையைத் தாங்கிக்கொண்டிருந்த வெளித் தண்ணீர் போய்விட்டது. கரைக்குள் ஊறிய தண்ணீர் போகவில்லை. அந்தப் பாரமே கரையைச் சரிக்கிறது. நிரம்பிய அணைக்கு மட்டும் கணக்குக் காட்டி, வடியும் அணைக்குக் காட்டாத பூர்வாங்க வடிவமைப்பு பாதி வடிவமைப்புதான்.

உடைந்தால் என்ன?

ஐந்தாவது கேள்வியை யாரும் விரும்புவதில்லை. இந்த அணை உடைந்தால் எந்த ஊருக்கு எத்தனை மணி நேரத்தில் தண்ணீர் வரும்? இதைக் கேட்பது அபசகுனம் அல்ல. 2021 டிசம்பர் 30-ல் அமலுக்கு வந்த அணைப் பாதுகாப்புச் சட்டமே, புதிய அணையில் முதல் முறை தண்ணீர் தேக்கும் முன் அவசரகாலச் செயல் திட்டம் தயாராக இருக்க வேண்டும் என்கிறது. பழைய அணைகளுக்கு ஐந்து ஆண்டு அவகாசம் கொடுத்தது. 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளும், 10 முதல் 15 மீட்டர் வரை உயரமுள்ளவற்றில் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்டவையும் இதற்குள் வரும். வரைபடம் காகிதத்தில் இருக்கும்போதே இந்தக் கணக்கைப் போட்டால், அணைக்கு எவ்வளவு பெரிய வெள்ளத்தை எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற முதல் கேள்விக்கும் பதில் மாறலாம். கீழே வயல் மட்டும் இருப்பது வேறு, நகரம் இருப்பது வேறு.

ஆற்றுக் கரைக்கு யார் பொறுப்பு?

இதுவரை சொன்னது அணையைப் பற்றி. டெல்டாவில் நம்மைக் காப்பதோ அணையைவிடக் கரைதான். கொள்ளிடத்தின் கரையும் வெண்ணாற்றின் கரையும், வெள்ள நாளில், பல மைல் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கும் மண் அணைகளே. அதே மண், அதே கசிவு, அதே சரிவு. ஆனால், அணைப் பாதுகாப்புச் சட்டம் "அணை" என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் வெள்ளத் தடுப்புக் கரைகளையும் வாய்க்கால்களையும் வெளிப்படையாக விலக்கிவைத்திருக்கிறது. மேட்டூருக்கு உள்ள சட்டக் காவல், அதன் தண்ணீரைச் சுமந்துவரும் கரைகளுக்கு இல்லை.

கரை உடைந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கோசி ஆறு சாட்சி. 2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாள எல்லைக்குள் குசஹா என்ற இடத்தில் அதன் கரை உடைந்தது. அந்த அமைப்பு 9.5 லட்சம் கன அடி வெள்ளத்துக்கு என வடிவமைக்கப்பட்டது. அன்று ஆற்றில் வந்தது அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. பிகாரில் லட்சக்கணக்கான மக்கள் வீடிழந்தார்கள். வடிவமைப்பில் எழுதிய எண், கரையின் அடி அரிக்கப்பட்டுக்கொண்டே இருந்தால் காப்பாற்றாது.

நமக்கும் 2018 ஆகஸ்ட் 22 இரவு மறக்காது. முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது ஷட்டர்கள் அடுத்தடுத்து அடித்துச் செல்லப்பட்டன. மணல் அள்ளியதே காரணம் என்றார்கள் விவசாயிகள். 182 ஆண்டு வயதுதான் காரணம் என்றது அன்றைய அரசு. எது காரணமானாலும் ஒன்று மட்டும் நிச்சயம்: படுகை தாழ்ந்தால், பழைய வடிவமைப்பு எண்கள் பொய்யாகிவிடும். 12 அடி உயரம் என்று கணக்கிட்ட கரை, படுகை 6 அடி இறங்கியபின் 18 அடிக் கரையாகிவிடுகிறது. அதன் சரிவும் அடி அகலமும் பழைய 12 அடிக்கு உரியவையாகவே இருக்கின்றன. கரையைப் பலப்படுத்தும் ஒவ்வொரு திட்டமும் இன்றைய படுகை மட்டத்தை அளந்து, புதிதாகக் கணக்குப் போட்டுத் தொடங்க வேண்டும். பழைய குறுக்குவெட்டுப் படத்தை எடுத்து அதன் மேல் மண்ணைக் கொட்டுவது பலப்படுத்துவது ஆகாது.

நாம் கேட்பது

நீர்வளத் துறையில் திறமையான பொறியாளர்கள் இருக்கிறார்கள். இரவு பகலாகக் கரையில் நிற்கும் லஸ்கர்களும் இருக்கிறார்கள். அவர்களைச் சந்தேகிப்பது நம் நோக்கம் அல்ல. தான் எழுதியதில் உள்ள தவறு தன் கண்ணுக்குத் தெரியாது என்பது எல்லோருக்கும் பொருந்தும். அதனால் அரசிடம் நாம் கேட்பவை இவை.

புதிய அணை, நீர்த்தேக்கம், தடுப்பணை, பெரிய கரைப் பணி எதுவானாலும், பூர்வாங்க வடிவமைப்பின் சுருக்கத்தைத் தமிழில், நான்கைந்து பக்கத்தில், ஊராட்சி அலுவலகத்தில் வையுங்கள். எடுத்துக்கொண்ட வெள்ளம் எவ்வளவு, ஒரு ஷட்டர் சிக்கினால் நீர்மட்டம் எங்கே நிற்கும், துளையிட்ட இடங்கள் எவை, மண் எங்கிருந்து வருகிறது, அதன் சோதனை முடிவு என்ன, நிரம்பும்போதும் வடியும்போதும் பாதுகாப்பு எண் எவ்வளவு, உடைந்தால் பாதிக்கப்படும் ஊர்கள் எவை என்று அதில் இருந்தால் போதும்.

அணையின் கோடு உறுதியாகும் முன் ஒருமுறை அந்த ஊர் உழவர்களோடு கோட்டின் மேல் நடந்து பாருங்கள். அவர்கள் சொல்லும் பழைய தடங்களையும் கிணறுகளையும் வரைபடத்தில் குறித்து, சந்தேகமான இடங்களில் கூடுதலாகத் துளையிட்டுப் பாருங்கள்.

வடிவமைத்தவர் அல்லாத வேறொரு குழு அதை ஒருமுறை சரிபார்க்கட்டும். திருச்சியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகம் இருக்கிறது. அவர்கள் சொன்ன குறையும், அதற்குத் துறை சொன்ன பதிலும் அந்தச் சுருக்கத்திலேயே இடம்பெறட்டும்.

மத்தியச் சட்டம் விட்டுவிட்ட ஆற்றுக் கரைகளுக்கு மாநில அரசே ஓர் ஆணையின் மூலம் இதே சோதனையைக் கட்டாயமாக்கலாம். கொள்ளிடத்திலிருந்து தொடங்கலாம்.

இதனால் திட்டம் தாமதமாகும் என்பார்கள். ஆகும், சில மாதங்கள். வெள்ளத்துக்குப் பின் உடைப்பை அடைத்து, மணல் மூடிய வயலைச் சீர்செய்து, நிவாரணத்துக்கு மனு எழுதிக் காத்திருக்கும் காலத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. இந்தக் கணக்குகள் பாமரருக்குப் புரியாது என்பார்கள். ஒவ்வோர் எண்ணும் புரிய வேண்டியதில்லை. கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்று தெரிந்தாலே, எழுதுபவர் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்ப்பார்.

நம் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த குறைதீர் கூட்டத்தில் தூர்வாருவதையும் முறைப்பாசனத்தையும் கேட்கும்போது, இதையும் ஒரு கேள்வியாகச் சேர்ப்போம். உங்கள் ஊர் வழியாக ஒரு கரைப் பணி வருகிறது என்றால், வடிவமைப்பின் நகலைக் கேளுங்கள். பழைய ஆற்றுத் தடம் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கையோடு அழைத்துச் செல்லுங்கள். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள் பெரியோர். அந்த அணையைப் போடும் முன் கேட்க வேண்டியதையும் கேட்டுவிடுவோம். கலங்கல் தண்ணீரைக் கரையடியில் டார்ச் வெளிச்சத்தில் பார்ப்பதைவிட, காகிதத்தில் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது.